இரண்டு நாட்டு முத்திரை

லைட்டரைத் தட்டுவதற்கு முன்னால் இசக்கித்துரை ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். குடிப்பதற்கு அல்ல. வாங்கிய டம்ளரை வாடிக்கைக்காரர் வீட்டு டைல்ஸ் தரையின் நடுவில் வைப்பார். தோள்பையிலிருந்து உள்ளங்கையளவு வெள்ளை ஃபோம் ஷீட் துண்டு ஒன்றை எடுப்பார். இடுக்கியால் அதைக் கவ்வி, டம்ளருக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டு ஒருமுறை செருமிக்கொள்வார். அப்புறம்தான் லைட்டர். தீ பட்ட இடத்தில் ஷீட் தொட்டாற்சிணுங்கி மாதிரி சுருங்கி ஒதுங்கும். ஒதுங்கிய இடத்திலிருந்து ஒரு சொட்டு, பின்னாலேயே இன்னொரு சொட்டு டம்ளருக்குள் விழும். ‘சொய்ங்’ என்று சத்தம் வரும். லைட்டரை அணைத்துவிட்டு ஷீட்டைத் தூக்கிக் காட்டுவார். அதில் தீயைக் காணோம்.

“பாத்தியளா அண்ணாச்சி? தீ புடிக்கா? புடிக்கலைலா? அமெரிக்காக்காரன் பாஸ் போட்டிருக்கான். இங்கிலாந்துக்காரன் பாஸ் போட்டிருக்கான். நம்ம ஊர்க் குத்துவிளக்கு என்னய்யா செஞ்சிரும்?”

ஷீட் வருகிற பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு முத்திரை உண்டு. அமெரிக்க முறைப்படி தீச்சோதனை செய்ததில் முதல் வகுப்பு என்று ஒன்று. இங்கிலாந்து முறைப்படி செய்ததிலும் முதல் வகுப்பு என்று இன்னொன்று. அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். அந்த இரண்டு வரியை மட்டும் கூட்டாமலே வாசிப்பார். பெட்டியைக் கிழித்தாலும் முத்திரை உள்ள பக்கத்தைக் கிழிக்க மாட்டார், பத்திரமாக வெட்டி வாடிக்கைக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

சங்கரன்கோவிலில் ஃபால்ஸ் சீலிங் என்றால் இசக்கித்துரைதான். ஐம்பதைத் தொடுகிற வயது. புருவத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் தூசி. கழுத்து லேசாகப் பின்பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. யாரோடு பேசினாலும் ஆள் முகத்தைப் பார்க்காமல் அவர் தலைக்கு மேலே இருக்கிற கூரையைப் பார்த்துத்தான் பேசுவார். கடைவீதியில் அப்படி அண்ணாந்துகொண்டே போய் ஒரு எருமை மாட்டின் மேல் சாய்ந்து, “மன்னிச்சுக்கிடுங்க” என்று அதனிடமே சொன்ன கதை ஊரில் இன்றைக்கும் ஓடுகிறது. ஆட்களின் பெயர் அவருக்கு மறந்துபோகும், கூரை மறக்காது. “ஓட்டை விழுந்த ஆஸ்பெஸ்டாஸ் வீட்டுக்காரர்” என்றால் அவருக்கு ஆள் யாரென்று தெரியும்.

“பொண்ணு பாக்க வந்தப்பக்கூட எங்க வீட்டு ஓட்டத்தான் பாத்தாரு. என்னப் பாக்கவேயில்ல. ஓடு நல்லாருக்குன்னு சம்மதம் சொல்லிட்டாரு,” என்பார் அவர் மனைவி சங்கரேஸ்வரி. இதை அவர் சொல்லும்போதெல்லாம் இசக்கித்துரை மேலே பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

தொழிலில் அவருக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. “சீலிங் போடாத வீடு மேல்சட்ட போடாத ஆளு மாதிரி, வீட்டுக்குள்ள இருக்கலாம், நாலு பேரக் கூப்பிட முடியுமா?” என்பார். வெறும் தகரத்துக்குக் கீழே வெந்துகொண்டு கிடந்த பேக்கரிகளும் செல்ஃபோன் கடைகளும் அவர் கைபட்ட பிறகு தாமரைப்பூ அச்சுப் போட்ட வெள்ளைக் கூரையோடு குளுகுளுவென்று ஆகியிருக்கின்றன. அடக்க விலைக்கு மேல் கொள்ளை அடித்தார் என்று ஒருவர் வாயால் கேட்க முடியாது. ஏமாற்றுகிற புத்தி அந்த மனுசனுக்கு அறவே கிடையாது. தன் வீட்டிலும் அதே ஷீட்டைத்தான் போட்டிருக்கிறார், அதற்குக் கீழேதான் தூங்குகிறார்.

அப்படிப் போட்ட கூரைகளிலேயே அவர் உயிரை வைத்திருந்தது தபசு மடத்துக் கூரையில்தான். குருவிகுளம் பக்கத்து மானாவாரிக் காட்டு ஊர்ச் சனங்கள் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தால் தங்குவதற்கென்று ஊர்க்கோடியில் ஒரு மடம் உண்டு. நாலு பக்கம் சுவர், மேலே தகரம், ஒரே ஒரு வாசல், பின்னால் ஒட்டினாற்போல் சமையல் கொட்டகை. சில வருடங்களுக்கு முன் சங்கரேஸ்வரிக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, ரத்தத்தில் அணுக்கள் இறங்கி, திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு இசக்கித்துரை கோமதியம்மனிடம் வேண்டிக்கொண்டார். “இவளை எழுப்பிக் குடு தாயே, ஒன் சனங்க படுக்குத எடத்துக்கு என் கையால மேக்கூர போட்டுத் தாரேன்.” சங்கரேஸ்வரி எழுந்தார். இவரும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மடத்தின் நீள அகலத்துக்கும் தாமரைப்பூக் கூரை போட்டு, வாசல் நிலைக்கு மேல் ‘உபயம்: இசக்கித்துரை குடும்பத்தார்’ என்று பெயிண்டில் எழுதினார்கள். திருவிழாவில் சனங்கள் வரிசையாகப் பாய்விரித்துப் படுத்துக்கொண்டு பூக்களை எண்ணுவதைப் பார்த்து அவர் கண் கலங்கியிருக்கிறார். ஊர் முழுக்க அண்ணாந்து பார்ப்பவர் அவர். அங்கே மட்டும் மற்றவர்கள் அண்ணாந்து பார்க்க, அவர் அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

இந்த ஆடியில் கொடியேறிய மறுநாள் ஒரு புதுக்கடைக்குச் சீலிங் பேச அழைப்பு வந்தது. ராஜபாளையம் ரோட்டில் ஒரு துணிக்கடை. அழைத்தவர் ஹாலிதா. கடையநல்லூர்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் ஃபாரூக்கோடு பல வருடம் சார்ஜாவில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்பதை இசக்கித்துரை கேட்டுக்கொள்ளவில்லை. வழக்கம்போல் கூரையைப் பார்த்தார், மாதிரிக்குக் கொண்டுவந்த பெட்டியை இறக்கி வைத்தார், டம்ளரில் தண்ணீர் கேட்டார்.

டம்ளர் வந்தது. இடுக்கி வந்தது. செருமலும் வந்தது. லைட்டர் தட்டியதும் ஷீட் ஒதுங்கிச் சுருங்கி இரண்டு சொட்டு ‘சொய்ங்’ என்று விழுந்தது.

“அமெரிக்காக்காரன் பாஸ் போட்டிருக்கான்...” என்று அவர் ஆரம்பித்தார்.

“ஆமா அண்ணாச்சி, பெட்டியப் பாத்தேன்,” என்றார் ஹாலிதா. “நான் சார்ஜாவுல தீச்சோதன லேப்லதான் வேல பாத்தேன். தெனமும் இதத்தான் கொளுத்துவோம். எந்த நாட்டுக்கு ஏத்துமதியோ அந்த நாட்டு முறையில கொளுத்தணும். ஆமா, அந்த டம்ளர எதுக்கு வச்சிருக்கிய?”

இசக்கித்துரைக்குச் சிரிப்பு வந்தது. “என்னம்மா இப்படிக் கேக்க? ஒங்க டைல்ஸ்ல உருகி ஒட்டிச்சின்னா கறை போவாதுல்லா? ஒரு வீட்ல அப்படி ஒட்டி, அந்தம்மா என்னப் புடிச்சு வஞ்சிட்டா. அன்னையில இருந்து டம்ளர் வச்சிருவேன்.”

“அத எடுத்துட்டு இன்னொரு தடவ காட்டுங்க.”

ஹாலிதா பக்கத்துத் தறிக்கூடத்துக்கு ஆளனுப்பிக் கைப்பிடியளவு கழிவுப் பஞ்சு வாங்கிவரச் செய்தார். கடைக்கு வெளியே சிமென்ட் தரையில் அதைப் பிரித்துப் போட்டார். இசக்கித்துரை இடுக்கியை நீட்டினார். அவர் மனதில் ஒரு சந்தேகமும் இல்லை, பாவம். லைட்டர் எரிந்தது, ஷீட் ஒதுங்கியது, சொட்டு விழுந்தது. பஞ்சு ‘குப்’பென்று பற்றியது. அவர் ஒரு எட்டுப் பின்னால் போவதற்குள் பஞ்சு முழுவதும் தீயாக நின்றது. ஹாலிதா செருப்புக்காலால் மிதித்து அணைத்தார். இடுக்கியில் இருந்த ஷீட்டில் தீயே இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது.

இசக்கித்துரை பேயறைந்த மாதிரி நின்றார். வாழ்நாளில் முதல்முறையாகத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும்.

“அப்ப... தண்ணில விழும்போதும் எரிஞ்சுக்கிட்டா விழுந்திச்சி?”

“எரிஞ்சுக்கிட்டுத்தான் அண்ணாச்சி. தண்ணிதான் அணச்சிருக்கு.”

அந்தச் சத்தத்தை இத்தனை வருடமும் அவர் காது குளிரக் கேட்டிருக்கிறார். அது ஷீட்டின் பெருமை என்றே நினைத்திருந்தார்.

“அமெரிக்காக்காரன் பொய் முத்திரையா போட்டிருக்கான்?” என்று கேட்டார்.

“பொய் இல்ல அண்ணாச்சி. அங்கன நீளமா ஒரு பெட்டி அடுப்பு. அதோட கூரையில ஷீட்டப் பதிச்சி, ஒரு முனையில தீ வச்சி, தீ கூரையோட எவ்வளவு தூரம் ஓடுதுன்னு அளப்பாங்க. ஒங்க ஷீட்டுல ஓடவே ஓடாது. உருகித்தான் கீழ விழுந்திருதே, அப்பறம் கூரையில எரியதுக்கு என்ன இருக்கு? நல்ல மார்க் வாங்கிரும். இங்கிலாந்துக்காரன் நிறுத்திவச்சி அனல் காட்டுவான். இது அனலுக்குச் சுருங்கி ஒதுங்கிரும். அதுலயும் தப்பிச்சிரும். பிரான்ஸ்காரன் மட்டும் அடியில பஞ்சு வப்பான், சொட்டு விழுந்து பஞ்சு பத்துதான்னு பாப்பான். ஐரோப்பால மத்த ஆட்களும் அடியில ஒரு தாள் வச்சிப் பாப்பாங்க. அவன் அவன் ஒரு கேள்வி கேக்கான். பெட்டில பாஸான கேள்விய மட்டும் அச்சடிச்சிருக்கான்.”

“நம்ம நாட்ல?”

“நம்ம நாட்டுக்கும் முறை இருக்கு. அந்த முத்திர இந்தப் பெட்டியில இல்லையே.”

இதற்கு மேல் ஹாலிதா சொன்னது ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. பையைக் கூட எடுக்கவில்லை. பைக்கை உதைத்து நேராக மடத்துக்கு விட்டார். வழியெல்லாம் அவர் கண்ணுக்குள் ஒரே ஒரு படம்தான்: ஒற்றை வாசல், உள்ளே பாய் பாயாகச் சனம், மேலே தாமரைப்பூ.

மடத்தில் முதல் வேன் சனம் வந்து இறங்கிவிட்டது. பெண்கள் பச்சரிசி மாவில் வெல்லம் பிசைந்து, குழித்து, நெய்த்திரி போட்டு, அம்மன் படத்துக்கு முன்னால் மாவிளக்கு ஏற்றியிருந்தார்கள். வரிசை வரிசையாகச் சுடர்கள். திருவிழா நாட்களில் அங்கே பரிமாறப் போகிற சங்கரேஸ்வரியும் அவர்களோடு உட்கார்ந்து தன் விளக்கை ஏற்றியிருந்தார். கூரையின் ஒரு மூலையில் சீரியல் பல்பு மாலையை ஷீட்டிலேயே துளைபோட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். பின்னால் கொட்டகையில் கேஸ் அடுப்பு இரைந்துகொண்டிருந்தது.

இசக்கித்துரை வாசலில் நின்று கத்தினார். “அணைங்க! எல்லாத்தையும் அணைங்க!”

அடப்பாவி மனுசா! அம்மன் விளக்கை எதிர்நின்று ‘அணை’ என்று யாராவது சொல்லுவார்களா? விளக்கைக் குளிர வைக்கச் சொல்லுவார்கள், அதையும் மெதுவாகச் சொல்லுவார்கள். பெண்கள் வாயில் கைவைத்தார்கள். ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மடத்துக் கமிட்டித் தலைவர் கோமதிநாயகம் சமையல் கொட்டகையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

“ஏலே, கோட்டி புடிச்சிட்டாலே ஒனக்கு? பட்டப்பகல்லயே தண்ணியப் போட்டுட்டு வந்து நிக்கியோ?”

“அண்ணாச்சி, இந்தக் கூரையக் கழத்தணும். இப்பமே கழத்தணும். தீப்பிடிச்சா சொட்டுச் சொட்டா எரிஞ்சிக்கிட்டே தலையில விழும். என் கண்ணால பாத்துட்டு வாரேன்.”

“ரெண்டு நாட்டுக்காரன் பாஸ் போட்டான்னு நீதானலே பெட்டிய வெட்டி எங் கையில குடுத்த?”

“அவன் கேட்டது வேற அண்ணாச்சி. கீழ ஆளு படுத்திருந்தா என்னாவும்னு அவன் கேக்கல. நானும் கேக்கல.”

கோமதிநாயகம் அந்தப் பேச்சையே காதில் வாங்கவில்லை. அவருக்கு வேறு பயம். குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தார். “கோட்டிக்காரா, இது நீ வெலைக்குப் போட்ட கூரையில்ல. ஒம் பொண்டாட்டி உசுருக்கு நேந்து குடுத்தது. அம்மனுக்குக் குடுத்தத எவனாச்சும் திருப்பி எடுப்பானால? எடுத்தா அவ திருப்பி எத எடுப்பான்னு யோசிச்சியா?”

இசக்கித்துரை அதை யோசித்திருக்கவில்லை. பைக்கில் வரும்போது மற்ற எல்லாம் மனதில் ஓடியது, இது ஓடவில்லை. ஆஸ்பத்திரி வராந்தா, மூக்கில் குழாயோடு கிடந்த சங்கரேஸ்வரி, தன் வாயால் சொன்ன சொல் எல்லாம் ஒரு நொடியில் திரும்பி வந்தன. ஏணியைத் தேடிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கூரையைப் பார்த்தார். விளக்கு வரிசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்குத் தீயாகவே இருந்தது. குழந்தை மாதிரி அழ ஆரம்பித்துவிட்டார், அத்தனை பேருக்கு முன்னால்.

சங்கரேஸ்வரி அவர் அழுது பார்த்ததில்லை. தான் சாகக் கிடந்தபோதுகூடத் தன் எதிரில் அழாதவர். சங்கரேஸ்வரி எழுந்தார். தன் மாவிளக்கைத் தட்டோடு தூக்கி, சுடர் அணையாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டி வெளியே வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்து மற்றப் பெண்களிடம், “ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? ஆளுக்கு ஒண்ணாத் தூக்குங்க. வெளிய வச்சிக் கும்பிட்டா அம்மன் வேண்டாம்னா சொல்லிரப் போறா?” என்றார். கோமதிநாயகத்திடம் திரும்பினார்.

“அண்ணாச்சி, எனக்கு வாரது எனக்கு வரட்டும். நாளைக்கு இங்கன கைப்புள்ளையோட வந்து படுப்பாளுவ. அதுக மேல தீ விழுந்து நான் உசுரோட இருந்து என்ன செய்ய? ஏணியக் குடுங்க.”

கோமதிநாயகம் கையிலிருந்த கரண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, “அடுப்பு எல்லாத்தையும் நிப்பாட்டுங்கல!” என்று கொட்டகைப் பக்கம் குரல் கொடுத்தார். ஏணியை அவரே இழுத்து வந்தார்.

இசக்கித்துரை ஏறினார். பதித்தபோது ஒரு பூவின் இதழ் கூடக் கசங்காமல் பதித்த கை, இப்போது பிய்த்தது. அவர் பிய்த்துப் போடப் போட, சங்கரேஸ்வரியும் குருவிகுளத்துப் பெண்களும் பொறுக்கிக்கொண்டுபோய் அடுப்பு அனல் எட்டாத தூரத்தில் வெட்டவெளியில் அடுக்கினார்கள். வேலை முடியச் சாயங்காலம் ஆகிவிட்டது. பழைய தகரம் கண்ணுக்குத் தெரிந்தது, அதோடு வெக்கையும் இறங்கியது. ஆடிக்காற்று தகரத்தை அடித்துக்கொண்டு போன சத்தம் உள்ளே கேட்டது. வேப்பமரத்தடியில் சில விளக்குகள் காற்றில் தாமாகவே குளிர்ந்துவிட்டன, சில எரிந்துகொண்டிருந்தன.

அடுப்பை மறுபடி பற்றவைத்து எல்லோருக்கும் காப்பி போட்டார்கள். இசக்கித்துரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோமதிநாயகம் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தகரத்தையே பார்த்தார். திடீரென்று அவர் கை நின்றது.

“ஏலே இசக்கி.”

“அண்ணாச்சி.”

“எம் மக வீட்டு மாடியிலயும் நீதானல போட்டுக் குடுத்த?”

“ஆமா அண்ணாச்சி.”

“இதே ஷீட்டா?”

“இதே ஷீட்டுதான்.”

கோமதிநாயகம் காப்பி டபராவைக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தவர், எங்கே போவது என்று தெரியாதவர் போல நின்றார். சங்கரேஸ்வரி கணவனின் பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார்.

“இன்னும் எங்கெங்கங்க போட்டிருக்கிய?”

இசக்கித்துரை வலது கையை விரித்துக் கட்டைவிரலை மடக்கினார். “பஸ் ஸ்டாண்டு பேக்கரி,” என்றார். அடுத்த விரலை மடக்கினார். “அந்தப் பல் டாக்டர் மாடி.” மூன்றாவதை மடக்கும்போது உதடு மட்டும் அசைந்தது. வலது கை மூடியது. இடது கையை எடுத்தார், அதுவும் விரல் விரலாக மூடியது. மூடிய இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்தார். பிறகு வலது கையை மெல்ல விரித்து, பதினோராவது இடத்துக்கு மறுபடியும் கட்டைவிரலை மடக்கினார்.